வில்லில் தொடங்கிய மெருகு

எங்கள் இல்லத்துக் கண்ணாடி அலமாரியில் ஒரு சாண் நீளமுள்ள பெட்டி ஒன்று உண்டு. பாட்டனார் வணிகத்தின் பொருட்டு வடக்கே சென்று வந்த காலத்தில் ஸ்ரீநகரில் வாங்கியது என்று வாப்பா சொல்வார்கள். காகிதக் கூழால் செய்து, மேலே பூக்களும் இலைகளும் தீட்டிய பெட்டி அது. பாட்டனாரின் தஸ்பீஹும் அத்தர்ச் சிமிழும் அதில்தான் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ரமளானை வரவேற்க வீட்டைத் துப்புரவு செய்தபோது, அந்தப் பெட்டியின் மேல் படிந்திருந்த பழுப்பு நிறத்தை அழுக்கு என்று எண்ணிவிட்டேன். கதவுகளுக்கு வண்ணம் பூசுவதற்காக வாங்கி வைத்திருந்த தின்னரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். முதலில் பஞ்சில் மஞ்சள் இறங்கியது. மகிழ்ந்தேன். அடுத்து நீலம் இறங்கியது. கையை எடுத்தபோது ஒரு பூவின் பாதி மறைந்து போயிருந்தது. வாப்பா கடிந்து பேசவில்லை. பெட்டியைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது அழுக்கில்லையே மகனே, பூவுக்குப் போட்ட காவல்" என்று மட்டும் சொன்னார்கள்.

அந்தக் காவலை முதலில் யார் கண்டறிந்தார்கள், எதற்காகப் பூசினார்கள் என்று அன்று தொடங்கிய தேடலே இக்கட்டுரை. வண்ணத்தின் மேல் ஒளி ஊடுருவும் மெருகெண்ணெயைப் பூசிக் காப்பது முஸ்லிம் உலகின் கலை வரலாற்றில் ஒரு தனி அத்தியாயம். நாம் அன்றாடம் தொடுகின்ற பொருள்களோடு அது பிணைந்திருந்தும் அதை அறிந்தவர்கள் நம்மில் குறைவு.

நீரில் கரையும் ஓவியம்

பாரசீகத்திலும் மத்திய ஆசியாவிலும் நூல்களுக்கு அணி செய்த ஓவியர்கள், கல்லையும் மண்ணையும் தாவரங்களையும் அரைத்து எடுத்த வண்ணங்களைக் கருவேலப் பிசின் போன்ற பசைகளில் குழைத்தே தீட்டினர். அவ்வண்ணம் காகிதத்தில் மிக நுண்ணிய கோடாக அமரும். ஒரு மயிரளவுத் தூரிகையால் இதழின் நரம்பைக்கூட வரைந்து காட்டலாம். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. ஈர விரல் பட்டால் அது கரைந்துவிடும்.

நூலின் உட்பக்கத்தில் இக்குறை பெரிதன்று. மூடிய நூலுக்குள் ஓவியம் பத்திரமாக இருக்கும். நூலின் மேலட்டையோ, நாளெல்லாம் கையில் புழங்கும் எழுதுகோல் பேழையோ அப்படி இருக்க இயலாது. வியர்வையும் தூசியும் உராய்வும் சில மாதங்களிலேயே ஓவியத்தை அழித்துவிடும். ஆதலால் நெடுங்காலம் நூலட்டைகளை அணி செய்யும் பொறுப்பு ஓவியரிடம் இல்லை. தோலில் அச்சு வைத்து அழுத்தி, பொன் ஏற்றும் கைவினைஞரிடமே அது இருந்தது. நூலுக்குள் இருந்த ஓவியம் அட்டைக்கு வருவதற்கு ஒரு காவல் தேவைப்பட்டது. அந்தக் காவல் ஏற்கெனவே வேறொரு தொழிலில் பயன்பட்டுக்கொண்டிருந்தது.

வில்லாளரின் எண்ணெய்

பாரசீக மொழியில் இந்த மெருகெண்ணெய்க்கு 'ரோகனே கமான்' என்று பெயர். 'ரோகன்' என்றால் எண்ணெய். 'கமான்' என்றால் வில். வளைந்த வாயிலைத் தமிழில் நாம் 'கமான்' என்று வழங்குகிறோமே, அந்தச் சொல்லும் இதுவே. ஆக, ஓவியர் கையாண்ட எண்ணெயின் பெயர் 'வில் எண்ணெய்'.

வில்லுக்கும் ஓவியத்துக்கும் என்ன உறவு? அக்காலத்துக் குதிரை வீரர் ஏந்திய வில் ஒற்றை மரத்தால் ஆனதன்று. நடுவே மரம், உட்புறம் விலங்கின் கொம்பு, வெளிப்புறம் தசைநார் என மூன்றையும் விலங்குப் பசை கொண்டு ஒட்டிச் செய்த கூட்டு வில் அது. நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் பசையின் இனம்தான் அந்தப் பசையும். நன்கு காய்ந்திருக்கும்வரை அது இரும்புபோல் பிடிக்கும்; ஈரம் ஏறினால் இளகிவிடும். மழையில் நனைந்த வில் போர்க்களத்தில் வீரனைக் கைவிடும். அதனால் வில் செய்வோர் அதன் மேற்புறத்தை மூடி, வண்ணம் தீட்டி, இறுதியில் ஈரம் புகாத எண்ணெய்ப் பூச்சைப் பூசினார்கள். வண்ணமும் காக்கப்பட்டது, பசையும் காக்கப்பட்டது. அம்பெய்தலுக்கும் வில் செய்வதற்கும் பெருமதிப்பு அளித்த சமுதாயத்தில், அத்தகைய பூச்சு நுட்பமான கலையாகவே வளர்ந்தது.

வில்லின் உடலைக் காத்த அதே எண்ணெயை ஓவியர்கள் நூலின் அட்டைக்குக் கொண்டு வந்தார்கள். போர்க் கருவிக்காகப் பிறந்த ஒரு பொருள் கல்விக் கருவிக்குத் துணையாக வந்த கதை இது.

ஹெராத் நகரின் நூலகத்தில்

இந்த மாற்றம் தெளிவாகப் புலப்படும் இடம், இன்றைய ஆப்கானிஸ்தானின் ஹெராத். தைமூரின் மகன் ஷாருக் அங்கிருந்து ஆண்டார். அவருடைய மகன் பாய்சுங்குர் நடத்திய நூலகத்தில் எழுத்தணிக் கலைஞர், ஓவியர், பொன்பூச்சாளர், கட்டமைப்போர் யாவரும் ஒரே கூரையின் கீழ்ப் பணியாற்றினர். 1419ஆம் ஆண்டில் ஷாருக்கின் தூதுக்குழு சீனத்துக்குப் புறப்பட்டது. அதில் கியாஸுத்தீன் என்ற ஓவியரும் இருந்தார். கண்டவற்றையெல்லாம் குறிப்பெடுத்து வந்தார். அவர் பெயரோடு சேர்ந்த 'நக்காஷ்' என்ற பட்டத்துக்கு ஓவியர், அணிவேலை செய்பவர் என்று பொருள். 'நகாசு வேலை' என்று நாம் சொல்வதன் மூலம் அந்தச் சொல்லே.

சீனத்திலிருந்து ஹெராத்துக்கு வந்த பொருள்களுள் பளபளக்கும் அரக்குப் பேழைகளும் இருந்தன. சீனரின் மெருகு ஒருவகை மரத்தின் பாலிலிருந்து எடுக்கப்படுவது. ஈரக் காற்றில்தான் அது இறுகும், கல்போல் கெட்டியாகும். அம்மரம் பாரசீகத்தில் வளர்வதில்லை. அங்குள்ள வறண்ட காற்றும் அதற்கு ஒவ்வாது. சீனப் பேழையின் பளபளப்பைக் கண்டு வியந்த ஹெராத் கலைஞர்கள் அதன் சரக்கைத் தேடி அலையவில்லை. தம் ஊர் வில்லாளரிடம் இருந்த எண்ணெயைக் கையில் எடுத்தார்கள். சுல்தான் ஹுசைன் பாய்கரா ஆண்ட காலத்தில், அதாவது 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வண்ணம் தீட்டி மெருகெண்ணெய் பூசிய நூலட்டைகள் ஹெராத்தில் உருவாயின. பிறகு சஃபவியர் ஆட்சியில் பாரசீக நகரங்களிலும், உஸ்மானியரின் நகரங்களிலும் இக்கலை பரவியது. துருக்கியர் இதற்கு 'ரூகானி' என்று பெயரிட்டனர். அதுவும் 'ரோகன்' என்ற சொல்லின் வழி வந்ததே.

பூச்சு உருவான முறை

மூலப்பொருள்கள் இரண்டே. ஒன்று ஆளி விதை எண்ணெய். மற்றொன்று 'சந்தரூஸ்' என்ற பிசின். இப்பெயரால் இன்று அறியப்படும் மஞ்சள் பிசினைத் தரும் மரம் மொராக்கோ, அல்ஜீரியா மலைப்பகுதிகளில் வளர்கிறது. பிசினைச் சூட்டில் இளக்கி, காய்ச்சிய எண்ணெயோடு சேர்ப்பார்கள். இரண்டும் ஒன்றாகித் தேன்போல் தெளிந்ததும் ஆறவைத்து வடிகட்டுவார்கள். பிசின் தீப்பற்றும் பொருள் என்பதால் இவ்வேலை ஆபத்தானது.

ஆளி விதை எண்ணெய் நீர்போல ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று, மெல்ல மெல்ல இறுகி, தோல் போன்ற படலமாகிறது. அதற்குக் கடினமும் பளபளப்பும் தருவது பிசின். இதனால்தான் இக்கலைக்குப் பொறுமையே முதல் மூலதனம். அடிப்பொருளான காகித அட்டையின் மேல் சுண்ணத்தையோ ஜிப்சத்தையோ பசையில் குழைத்துப் பூசி, தேய்த்து வழவழப்பாக்குவர். அதன் மேல் ஓவியம். ஓவியம் முற்றிலும் உலர்ந்த பிறகே எண்ணெய். ஈரமிருக்கும்போது பூசினால் வண்ணம் இழுபடும், பூச்சும் வெடிக்கும். ஒரே தடவையில் கனமாகப் பூசினால் மேற்புறம் இறுகி, உட்புறம் பிசுபிசுப்பாகவே நின்று சுருங்கும். ஆகவே மெல்லிய பூச்சு, பிறகு காயவிடுதல், தேய்த்துச் சமன்படுத்துதல், மறுபடியும் மெல்லிய பூச்சு எனப் பல சுற்று நடக்கும். ஒரு தூசி ஒட்டினாலும் அது நூற்றாண்டுக்கும் நிற்கும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சில வேலைகளில் ஓவியர் முதலில் வண்ணம் தீட்டி எண்ணெய் பூசுவார். அந்தப் பூச்சின் மேல் பொன் கோடுகளை இட்டு மீண்டும் எண்ணெய் பூசுவார். அதாவது ஓவியத்தின் ஒரு பகுதி எண்ணெய்ப் படலங்களுக்கு இடையிலேயே வாழ்கிறது. பூச்சு வேறு, ஓவியம் வேறு என்று பிரித்தெடுக்க இயலாத நிலை. பஞ்சில் மஞ்சளுக்குப் பின் நீலமும் இறங்கியதன் காரணம் எனக்கு இதைப் படித்தபோதுதான் விளங்கியது.

எழுதுகோலுக்கு ஒரு மாளிகை

இக்கலை தன் உச்சத்தைத் தொட்ட பொருள் 'கலம்தான்' எனும் எழுதுகோல் பேழை. இறைவன் தன் திருமறையில் எழுதுகோலின் மீது சத்தியமிட்டுக் கூறுகிறான். அந்த அத்தியாயமே 'அல் கலம்' எனப் பெயர் பெற்றது. முதன்முதலில் அருளப்பட்ட வசனங்களிலும் எழுதுகோல் கொண்டு கற்பித்தது பேசப்படுகிறது. எழுதுகோலுக்கு இத்தகைய மதிப்பளித்த சமுதாயம் அதற்குரிய பேழையை அழகுற அமைத்ததில் வியப்பில்லை.

இருமுனையும் உருண்ட நீளமான உறை. அதனுள் இழுப்பறைபோல் நகரும் உட்தட்டு. அதில் நாணல் எழுதுகோல்கள், மைக்கூடு, கோலைச் சீவும் கத்தி, காகிதம் வெட்டும் கத்தரி. எழுத்தரும் அறிஞரும் அமைச்சரும் இதைத் தம்மோடு கொண்டு சென்றனர். 17ஆம் நூற்றாண்டில் முஹம்மது ஸமான், 18ஆம் நூற்றாண்டில் அலி அஷ்ரஃப், 19ஆம் நூற்றாண்டில் இஸ்ஃபஹானின் நஜஃப் அலி போன்ற கலைஞர்கள் கலம்தான்களில் தம் பெயரைப் பொறித்துச் சென்றுள்ளனர். 'குல் ஓ புல்புல்' எனப்படும் ரோஜாவும் புல்புல் பறவையும் அவற்றில் மிகப் பரவலான வடிவம். மை சிந்தும் பொருளுக்கு மெருகெண்ணெய் எத்தனை பொருத்தம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சிந்திய மையைத் துடைத்துவிட்டால் ரோஜா அப்படியே இருக்கும்.

பிற்காலத்தில் மேலைநாட்டு இரும்பு முனைப் பேனாக்கள் பரவியபோது நாணல் கோலுக்குத் தேவை குறைந்தது; கலம்தானுக்கும் அதே நிலை வந்தது.

ஜீலம் நதிக்கரையில்

இக்கலை இன்றும் வீட்டுத் தொழிலாக உயிர்த்திருக்கும் இடங்களுள் முதன்மையானது கஷ்மீர். ஹிஜ்ரி 786இல் மறைந்த மார்க்க அறிஞர் மீர் சையித் அலீ ஹமதானீ (ரஹ்) அவர்களோடு கைவினைஞர்களும் அங்கு வந்தனர் என்பது கஷ்மீர் மக்களின் நம்பிக்கை. 1420 முதல் 1470 வரை ஆண்ட சுல்தான் ஸைனுல் ஆபிதீன் பல கலைகளை அங்கு வளர்த்தார். மக்கள் அவரை 'பட்ஷா', பேரரசர் என்று இன்றும் அன்போடு குறிப்பிடுகின்றனர். அடுத்த நூற்றாண்டில் கஷ்மீரைக் கண்ட மிர்ஸா ஹைதர் துக்லத், பிற நகரங்களில் அரிதான கைத்தொழில்கள் அங்கு நிறைந்திருப்பதையும் அதன் பெருமை ஸைனுல் ஆபிதீனைச் சேர்வதையும் தம் வரலாற்று நூலில் பதிந்துள்ளார்.

கஷ்மீரில் இத்தொழிலின் பழைய பெயர் 'காரே கலம்தானி', அதாவது எழுதுகோல் பேழை வேலை. கழிவுக் காகிதத்தை நாள்கணக்கில் ஊறவைத்து இடித்து, அரிசிக் கஞ்சிப் பசை சேர்த்து, அச்சில் படியவைத்து உருவம் செய்வது 'ஸாக்தா'. அதன் மேல் வண்ணம் தீட்டுவது 'நக்காஷி'. இவ்விரண்டும் பெரும்பாலும் இரு வேறு குடும்பங்களின் தொழில். சினார் இலை, ஆயிரம் பூக்கள் எனும் 'ஹஸாரா', பூவுக்குள் பூவாக விரியும் 'குல் அந்தர் குல்' ஆகியவை வழிவழியாகத் தீட்டப்படும் வடிவங்கள்.

19ஆம் நூற்றாண்டில் கஷ்மீர்ச் சால்வைகளைப் பிரான்சுக்கு அனுப்பிய வணிகர்கள், அவற்றை இப்பெட்டிகளில் வைத்தே அனுப்பினர். சால்வையை வாங்கியவர்கள் பெட்டியையும் விரும்பினர். 'மென்ற காகிதம்' எனப் பொருள்படும் பிரெஞ்சுப் பெயரான 'பேப்பியே மாஷே' அப்படித்தான் இதற்கு நிலைத்தது. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டு சால்வை வணிகம் வீழ்ந்தபோது, பல குடும்பங்கள் வறுமையில் தள்ளப்பட்டன. தாம் நெய்த துணி விலைபோகாமல் நின்ற காலத்தில், அதைச் சுமந்த பெட்டியோ தன் பெயரில் தனியே நின்றது.

இக்கலையைப் பெரிய அளவில் காண விரும்புவோர், ஸ்ரீநகரில் ஜீலம் கரையில் நிற்கும் கான்காஹே முஅல்லாவுக்குச் செல்ல வேண்டும். ஹமதானீ அவர்களின் நினைவாக எழுந்து, தீயில் அழிந்து மீண்டும் மீண்டும் கட்டப்பட்ட மரக் கட்டடம் அது. அதன் உட்சுவரும் விதானமும் பெட்டியின் மூடிபோலவே பூக்களால் நிறைந்துள்ளன. 2017 நவம்பரில் அதன் கோபுர உச்சி தீப்பற்றியது. தீயணைப்போரும் ஊராரும் முயன்று கட்டடத்தைக் காப்பாற்றினர். ஈரத்தையும் கைபடுதலையும் தாங்கும் பூச்சு தீக்கு முன் நிற்க இயலாது. அங்கே மனிதர்களே காவலாக நின்றார்கள்.

காவலும் முதுமை அடையும்

எண்ணெய்ப் பூச்சுக்கும் வயதாகும். காலம் செல்லச் செல்ல அது மஞ்சளாகி, பின் தேன் நிறமாகி, பழுப்பாகும். அதன் அடியில் இருக்கும் வெண்மை பொன்னிறமாகத் தோன்றும். நீலம் பச்சையாகத் தோன்றும். எனவே பழைய கலம்தானில் நாம் காணும் பச்சை இலை முதலில் நீலமாக இருந்திருக்கலாம். அருங்காட்சியகங்களில் பாதுகாப்புப் பணி செய்வோர் இதனால் பெரும் சிக்கலை எதிர்கொள்கின்றனர். பழுப்பை அகற்றினால் ஓவியர் கண்ட நிறம் வெளிப்படும். அகற்றும்போது ஓவியமும் சேர்ந்து போகக்கூடும். முழுவதையும் தொடுமுன் ஓர் ஓரத்தில் கடுகளவு இடத்தில் சோதித்துப் பார்ப்பதும், ஐயம் எழுந்தால் அப்படியே விட்டுவிடுவதும் அவர்கள் பின்பற்றும் முறை. அந்தக் கடுகளவு நிதானம் எனக்கு அன்று இருந்திருந்தால் பூ முழுமையாக இருந்திருக்கும்.

கஷ்மீரில் இன்று பல பட்டறைகளில் ஆலையில் செய்த வார்னிஷ்தான் பழக்கத்தில் உள்ளது. விரைவில் காய்கிறது, விலையும் குறைவு. கூழுக்குப் பதில் மரமும் அட்டையும் அடிப்பொருளாகின்றன. வாங்குவோர் மலிவை நாடும்போது கலைஞரை மட்டும் குறை கூற நமக்கு உரிமை இல்லை. புவிசார் குறியீடு பெற்ற கஷ்மீர்க் கைவேலை என்று கேட்டு, உரிய விலை கொடுத்து வாங்குவோர் பெருகினால் தூரிகை பிடிக்கும் கைகளும் பெருகும்.

நம் இல்லங்களிலும் இப்பாடத்துக்கு இடம் உண்டு. ரிஹாலோ, பெயர் எழுதிய பலகையோ, பிள்ளைகள் வண்ணம் தீட்டிய பெட்டியோ எதுவாயினும், வண்ணம் முழுதும் காய்ந்த பிறகே மெருகு பூசுங்கள். தூசி துடைத்து, மென்மையான தூரிகையால் மெல்லியதாகப் பூசி, காயவிட்டு மறுபடி பூசுங்கள். முதலில் ஓர் ஓரத்தில் சோதியுங்கள். பாட்டனார் காலத்துப் பொருள் என்றால் உலர்ந்த மெல்லிய துணியால் மட்டும் துடைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். புதுப் பூச்சு வேண்டாம். தின்னர் அறவே வேண்டாம்.

கலம்தானில் ஓவியரின் பெயர் இருக்கும். எண்ணெய் காய்ச்சியவரின் பெயர் பெரும்பாலும் இராது. அவருடைய வேலை நன்றாக அமைந்தால் கண்ணுக்கே தெரியாது, பூதான் தெரியும். குடும்பங்களிலும் இத்தகையோர் உண்டு. நம் மீது பூச்சாக இருந்து, நம் நிறம் மங்காமல் காத்து, தாம் பழுப்பேறிய பெற்றோரை நாம் எத்தனை முறை அழுக்கென்று எண்ணிவிடுகிறோம்! எந்தச் செயலையும் செம்மையாகச் செய்ய வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். புகழுக்காக இன்றி அவ்வாறு செய்தவர்களின் கூலி அல்லாஹ்விடம் உள்ளது.

பெட்டி இன்றும் அலமாரியில் இருக்கிறது. பாதிப் பூவைத் திரும்பத் தீட்ட ஒருவர் முன்வந்தார். வாப்பா வேண்டாம் என்றுவிட்டார்கள். எஞ்சிய பாதியைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டி, பெட்டியின் கதையைச் சொல்கிறார்கள். நமக்குக் காவலாக நின்றவர்களை அறிந்து நன்றி செலுத்தும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.